இரண்டு மேக்ஸ்வெல்கள்

பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் மாணவர் மேக்ஸ்வெல் என்ற பெயரை இரண்டு தாள்களில் சந்திக்கிறார். வெப்ப இயக்கவியலில் ‘மேக்ஸ்வெல் தொடர்புகள்’ என்று நான்கு வரும். என்ட்ரோபி, பருமன், அழுத்தம், வெப்பநிலை எல்லாம் பகுதி வகைக்கெழுக்களாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். மின்காந்தவியலில் ‘மேக்ஸ்வெல் சமன்பாடுகள்’ என்று இன்னொரு நான்கு. அங்கே டைவர்ஜென்சும் கர்லும். இரண்டுக்கும் ஆசிரியர் வேறு, நோட்டு வேறு, தேர்வு நாள் வேறு. எட்டையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பலருக்கு, எட்டும் ஒரே ஆளின் பெயரில் இருப்பவை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1871-இல் வெப்பக் கோட்பாடு பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். வெப்ப இயக்கவியல் தொடர்புகள் நான்கும் அதில்தான் இருக்கின்றன. இரண்டே ஆண்டுகளில், 1873-இல், மின்சாரமும் காந்தமும் பற்றிய இரண்டு தொகுதிப் பெருநூல் வந்தது. ஒரே மேசையில், ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்த வேலை இது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லார்ட் கிப்ஸ் வெப்ப இயக்கவியலை வடிவியலாக வரைந்து காட்டியபோது, அதன் அருமையை உடனே உணர்ந்தவர்களில் முதன்மையானவர் மேக்ஸ்வெல். கிப்ஸ் விவரித்த பரப்பைத் தன் கையாலேயே பிளாஸ்டரில் வடித்து, ஒரு பிரதியை அவருக்கு அனுப்பியும் வைத்தார். அந்தக் கிப்ஸும் இரண்டு தாள்களிலும் வருகிறார்: ஒன்றில் கட்டற்ற ஆற்றல், இன்னொன்றில் வெக்டர்களின் புள்ளிப் பெருக்கலும் குறுக்குப் பெருக்கலும். மேக்ஸ்வெல் சமன்பாடுகளை இன்றைய நான்கு வரி உருவத்துக்குச் சுருக்கியவர் ஆலிவர் ஹெவிசைட். அதை எழுதும் குறியீடுகள் பெரும்பாலும் கிப்ஸின் கொடை.

இந்த இரண்டு துறைகளையும் கட்டியவர்கள் அவற்றைத் தனித்தனி அறைகளாகப் பார்க்கவில்லை. நடுச்சுவர் பாடத்திட்டம் எழுப்பியது. அந்தச் சுவர் இருக்கும் இடத்தில்தான் இயற்பியலின் மிக அழகான பத்து வரிகள் இருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பத்து வரிகளை நோக்கித்தான் இந்த அத்தியாயம் போகிறது. வழியில் முதல் நிறுத்தம் ஆய்வுக்கூடம்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஜூல் கலோரிமீட்டரைப் பார்த்திருப்பீர்கள். பளபளவென்று தேய்த்த செம்புக் குவளை, அதைச் சுற்றி மரப்பெட்டி, மூடியில் மூன்று துளைகள். ஒன்றில் வெப்பநிலைமானி, ஒன்றில் கலக்கி, ஒன்றில் கம்பிச்சுருளின் முனைகள். வெளியே அம்மீட்டர், வோல்ட்மீட்டர், ரியோஸ்டாட், பேட்டரி எலிமினேட்டர். 6 வோல்ட், 2 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் சுருளில் 12 வாட். பத்து நிமிடத்தில் 7,200 ஜூல். குவளையில் 150 கிராம் தண்ணீர், குவளையின் நிறை 100 கிராம் என்றால் வெப்பநிலை 10.8 பாகை ஏற வேண்டும். வெப்பநிலைமானி அதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும்.

காணாமல் போன அந்தச் சிறு பங்குக்காகச் செய்முறை நோட்டில் ஒரு பத்தி உண்டு: கதிர்வீச்சுத் திருத்தம். மின்சாரத்தை நிறுத்திய பின், பத்து நிமிடம் சூடாக்கியிருந்தால் ஐந்து நிமிடம் குவளையை ஆறவிட வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறதோ அதை ஏற்றத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஏன் பாதி நேரம்? வெப்பநிலை சீராக ஏறியதால், சூடாகும் காலம் முழுவதற்கும் சராசரியாகப் பார்த்தால் குவளை தன் இறுதி மிகுதியில் பாதிக்குத்தான் அறையைவிடச் சூடாக இருந்தது. பாதி மிகுதியில் பத்து நிமிடம் இழந்ததும் முழு மிகுதியில் ஐந்து நிமிடம் இழப்பதும் ஏறக்குறைய ஒன்று. மிக நேர்த்தியான தந்திரம்.

ஆனால் அதன் பெயரில் ஒரு மிகைப்படுத்தல் இருக்கிறது. செம்புக் குவளைக்கு 200 சதுர சென்டிமீட்டர் பரப்பு என்றும், அது முழுக் கருப்பு என்றும் வைத்துக்கொண்டால், அறையைவிடப் பத்து பாகை கூடுதலாக இருக்கும்போது கதிர்வீச்சால் ஒன்றேகால் வாட் அளவுக்கு இழக்கும். பளபளப்பான செம்பு அதில் நூற்றில் சில பங்கைத்தான் உமிழும். ஆகவே இழப்பின் பெரும்பகுதியைச் சுற்றியுள்ள காற்றுதான் கொண்டுபோகிறது. கதிர்வீச்சு அங்கே சிறு பிழையினுள் ஒளிந்திருக்கும் இன்னும் சிறிய பிழை. அந்த நூற்றில் சில பங்கைத்தான் நாம் பின்தொடரப் போகிறோம்.

அதற்கு முன் ஜூலுக்குச் சேர வேண்டிய பெருமை ஒன்றைச் சேர்த்துவிட வேண்டும். வெப்ப இயக்கவியலின் முதல் விதி என்றதும் பாடநூல்கள், எடை கீழே இறங்க இறங்கத் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரம் சுழலும் படத்தைப் போடுகின்றன. அது பின்னால் வந்தது. சால்ஃபோர்டில் மதுவடிப்பாலை நடத்திய குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல், மின்னோட்டம் தரும் வெப்பம் ஓட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் ஏற்ப இருக்கும் என்று 1841-இல் வெளியிட்டார். ஆனால் அன்றைய நம்பிக்கை வெப்பத்தைக் கலோரிக் என்ற பாய்மமாகக் கருதியது. மின்கலத்திலிருந்து அந்தப் பாய்மம் கம்பி வழியே வந்து சேர்கிறது என்று யாராவது சொன்னால் மறுக்க வழியில்லை. எனவே ஜூல் மின்கலத்தையே சுற்றிலிருந்து எடுத்துவிட்டார். தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குழாய்க்குள் கம்பிச்சுருளை அடைத்து, ஒரு மின்காந்தத்தின் துருவங்களுக்கிடையே சுழற்றினார். தூண்டப்பட்ட மின்னோட்டம் பாய்ந்தது, தண்ணீர் சூடானது. அந்தச் சுற்றில் வெப்பம் வந்து சேர வேறு வாசல் இல்லை. சுழற்றிய வேலைதான் வெப்பமாயிற்று. 1843 ஆகஸ்டில் அயர்லாந்தின் கார்க் நகரில் இதைப் படித்தார். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு பாகை ஃபாரன்ஹீட் சூடாக்க 838 அடி-பவுண்டு வேலை என்பது அவர் பெற்ற சராசரி. 1850-இல் துடுப்புச் சக்கரத்தால் 772-க்கு வந்தார். இன்று நாம் 778 என்கிறோம். முதல் விதிக்கான அவருடைய முதல் வலுவான சான்று, ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டலிலிருந்து வந்தது. நடுச்சுவரில் முதல் வாசல் இது.

இனி கதிர்வீச்சுக்கு வருவோம். சூடான பொருள் எவ்வளவு உமிழும்? இதற்கான விதியை 1879-இல் வியன்னாவில் ஜோசப் ஸ்டெஃபான் தந்தார். அவர் கையிலிருந்த தரவுகளில் ஒன்று ஜான் டிண்டல் பிளாட்டினக் கம்பியை மின்சாரத்தால் சூடாக்கி அளந்தது. மங்கலான சிவப்பில், ஏறக்குறைய 525 பாகை செல்சியஸில், இருந்த கம்பியை 1,200 பாகையில் வெண்ணிறம் பெறும்வரை சூடாக்கினால் உமிழ்வு 11.7 மடங்காகிறது. இரண்டு வெப்பநிலைகளையும் கெல்வினுக்கு மாற்றுங்கள்: 798, 1,473. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.846. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 11.6. ஸ்டெஃபான் கண்டது இதைத்தான்: உமிழ்வு தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. பிளாட்டினம் முழுக் கரும்பொருள் இல்லை என்பதால் எண் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. விதி மட்டும் சரியானது. அதை வைத்து அவர் சூரியப் பரப்பின் வெப்பநிலையையும் 5,700 கெல்வின் அளவுக்குக் கணித்தார். இன்று நாம் ஏற்றுக்கொள்ளும் மதிப்பிலிருந்து அது வெகு தூரம் இல்லை.

ஏன் நான்கு? இரண்டு ஏன் இல்லை, ஐந்து ஏன் இல்லை? பல வகுப்புகளில் இந்தக் கேள்விக்கு நேரம் கிடைப்பதில்லை. சூத்திரத்தைக் கொடுத்து, மாறிலியின் மதிப்பைக் கொடுத்து, கணக்குப் போடச் சொல்லிவிடுகிறோம். விடை தந்தவர் ஸ்டெஃபானின் மாணவர் லுட்விக் போல்ட்ஸ்மன், 1884-இல். அவர் ஒரு வெப்ப எந்திரத்தின் சுழற்சியை வைத்து வாதித்தார். நான் இன்றைய வழியில் சொல்கிறேன்; கையில் தாளும் பேனாவும் இருந்தால் நல்லது.

ஒரு பெட்டி. காற்றை முழுக்க வெளியேற்றியாயிற்று. சுவர்கள் எல்லாம் ஒரே வெப்பநிலையில். உள்ளே எதுவும் இல்லை என்று தோன்றும், ஆனால் சுவர்கள் உமிழ்ந்து உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் பெட்டி முழுக்க மின்காந்த அலைகள். ஒரு கன மீட்டரில் எவ்வளவு ஆற்றல் இருக்கும் என்பது வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. சுவர் செம்பா, கரியா என்பது பொருட்டில்லை. இதை கிர்ச்சாஃப் 1860 அளவிலேயே நிறுவிவிட்டார்.

முதலில் மின்காந்தவியலிடம் ஒரே ஒரு செய்தி கேட்போம்: இந்தக் கதிர்வீச்சு சுவரை எவ்வளவு தள்ளும்? ஓர் அலை ஒரு கருப்புச் சுவரில் நேராக மோதினால், அதன் அழுத்தம் அலையின் ஆற்றல் அடர்த்திக்குச் சமம் என்பது 1873 நூலில் மேக்ஸ்வெல் சொன்ன முடிவு. பெட்டிக்குள் அலைகள் எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் சம பங்கு. ஆகவே,

அழுத்தம் = ஆற்றல் அடர்த்தி ÷ 3.

மின்காந்தவியலின் வேலை இதோடு முடிந்தது. அடுத்து வெப்ப இயக்கவியலின் முறை. வெப்பநிலையை மாற்றாமல் பெட்டியைச் சிறிது பெரிதாக்குகிறோம். கூடும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் அக ஆற்றல் எவ்வளவு கூடும்? ஆற்றல் அடர்த்தி மாறாததால், கூடுவது சரியாக அந்த அடர்த்தியின் அளவு. முதல் இரண்டு விதிகளையும் சேர்த்தால் அதே கேள்விக்கு இன்னொரு விடை கிடைக்கும்: வெப்பநிலையை, கன மீட்டருக்குக் கூடும் என்ட்ரோபியால் பெருக்கி, அழுத்தத்தைக் கழிக்க வேண்டும். அழுத்தத்தைக் கழிப்பது ஏனென்றால் சுவரைத் தள்ளிய வேலைக்கு அவ்வளவு ஆற்றல் செலவாகிவிட்டது. ஆனால் என்ட்ரோபியை அளக்கக் கருவி ஏது? இந்த இடத்தில் 1871 நூலின் மேக்ஸ்வெல் வருகிறார். மாறா வெப்பநிலையில் பருமனோடு என்ட்ரோபி கூடும் வீதமும், மாறாப் பருமனில் வெப்பநிலையோடு அழுத்தம் கூடும் வீதமும் ஒன்றே என்பது அவருடைய தொடர்பு. எனவே,

ஆற்றல் அடர்த்தி = வெப்பநிலை × அழுத்தம் ஏறும் வீதம் − அழுத்தம்.

அழுத்தத்துக்குப் பதிலாக ஆற்றல் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கை வைத்து, எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கிக் கழித்தலை இந்தப் பக்கம் கொண்டுவாருங்கள்.

4 × ஆற்றல் அடர்த்தி = வெப்பநிலை × ஆற்றல் அடர்த்தி ஏறும் வீதம்.

அதாவது வெப்பநிலை ஒரு சதவீதம் ஏறினால் ஆற்றல் அடர்த்தி நான்கு சதவீதம் ஏறும். இதன் ஒரே தீர்வு நான்காம் அடுக்கு. அந்த நான்கு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். மூன்று, நாம் வாழும் வெளியின் மூன்று திசைகளிலிருந்து. இன்னொன்று, சுவரைத் தள்ளிய வேலையிலிருந்து. இரண்டாம் வரியை நல்லியல்பு வாயுவுக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே அழுத்தம் வெப்பநிலைக்கு நேர்விகிதம் என்பதால் விடை சுழி வரும்: அக ஆற்றல் பருமனைச் சார்ந்ததில்லை என்று வகுப்பில் படித்த அதே முடிவு. ஒரே சமன்பாடு வாயுவுக்கும் ஒளிக்கும் வேலை செய்கிறது. ஒளிக்கு வெப்பநிலை உண்டு, அழுத்தம் உண்டு, என்ட்ரோபி உண்டு. இந்த வரியைத் தன் கையால் ஒருமுறை எழுதிப் பார்த்த மாணவருக்கு இரண்டு தாள்களும் அதற்குப் பிறகு இரண்டாகத் தெரியாது.

ஒளி தள்ளும் என்பதை மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் இல்லாமலே ஒருவர் ஊகித்தார் என்பது இன்னும் வியப்பு. இத்தாலியின் அடோல்ஃபோ பார்ட்டோலி 1876-இல் இப்படி யோசித்தார்: நகரும் கண்ணாடிகளால் கதிர்வீச்சைச் சிறைப்பிடித்து, குளிர்ந்த பொருளிடமிருந்து சூடான பொருளுக்குக் கொண்டுபோக முடியும். அதற்கு வேலையே தேவைப்படாவிட்டால் இரண்டாம் விதி உடைந்துவிடும். ஆகவே கண்ணாடியை நகர்த்துபவரை ஒளி எதிர்த்துத் தள்ளியே ஆக வேண்டும். வெப்ப எந்திரங்களுக்காகப் பிறந்த விதி ஒன்று ஒளியின் இயல்பைச் சொல்லிவிட்டது! போல்ட்ஸ்மன் தொடங்கியது இந்தக் கருத்திலிருந்துதான்.

அளந்து காட்டுவதுதான் பெரும்பாடு. பூமிக்கு வரும் வெயில் ஒரு சதுர மீட்டர் கருப்புப் பரப்பைத் தள்ளும் விசை ஒரு நியூட்டனின் பத்து லட்சத்தில் நாலரைப் பங்கு. வில்லியம் குரூக்ஸ் 1870-களில் செய்த, ஒருபுறம் கருப்பும் மறுபுறம் பளபளப்புமான தகடுகள் உள்ளே வெயிலில் தானாகச் சுழலும் கண்ணாடிக் குமிழை அருங்காட்சியகங்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றைச் சுழற்றுவது ஒளி அழுத்தம் இல்லை. ஒளி அழுத்தமாக இருந்தால் பளபளப்பான பக்கம் பின்வாங்க வேண்டும். உண்மையில் பின்வாங்குவது கருப்புப் பக்கம். கருப்புப் பக்கம் சூடாகி, குமிழில் மிச்சமிருக்கும் காற்றை உதைக்கிறது. மாஸ்கோவின் பியோத்தர் லெபெடெவ் இந்தத் தொல்லையைக் கடக்கத் தகடுகளை மிக மெல்லியதாக்கி இரு முகங்களின் வெப்பநிலையையும் நெருங்க வைத்தார், குமிழின் காற்றை இயன்றவரை வெளியேற்றினார். 1900-இல் பாரிஸ் மாநாட்டில் முடிவை அறிவித்து, மறு ஆண்டு விரிவாக வெளியிட்டார். மேக்ஸ்வெல் சொன்ன அழுத்தம் இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை எஞ்சியது. நான்காம் அடுக்கு வந்துவிட்டது. அதன் முன் நிற்கும் மாறிலியின் மதிப்பை இந்த வழியில் பெற முடியாது. பெட்டிக்குள் எத்தனை விதமான அலைகள் நிற்க முடியும் என்று மின்காந்தவியலைக் கொண்டு எண்ணி, ஒவ்வொன்றுக்கும் வெப்ப இயக்கவியல் தரும் சம பங்கைக் கொடுத்தால், அலைநீளம் குறையக் குறைய அலைகளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும். மொத்த ஆற்றல் முடிவிலி. இரண்டு துறைகளிலும் தவறு செய்யாமல் கணக்குப் போட்டால் வரும் விடை இது.

முடிச்சை அவிழ்த்தவர் வாழ்நாளின் பெரும்பகுதியை வெப்ப இயக்கவியலுக்குக் கொடுத்தவர். மாக்ஸ் பிளாங்க் 1879-இல் இரண்டாம் விதியைப் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். பெர்லினில், விளக்கொளிக்கு நம்பகமான அளவுகோல் தேடிய அரசு அளவியல் நிறுவனத்தில், மின்சாரத்தால் சூடாக்கிய பெட்டியின் சிறு துளை வழியே வரும் ஒளியைத் துல்லியமாக அளந்துகொண்டிருந்தார்கள். 1900 அக்டோபரில் அந்த அளவீடுகளுக்குப் பொருந்தும் சூத்திரத்தை பிளாங்க் கண்டார். டிசம்பர் 14 அன்று, ஆற்றலைத் துணுக்குகளாக எண்ணி அதற்குக் காரணம் சொன்னார். ஸ்டெஃபான் மாறிலி, சதுர மீட்டருக்கும் கெல்வினின் நான்காம் அடுக்குக்கும் 5.67-ஐப் பத்துக் கோடியால் வகுத்த வாட், அதிலிருந்து தானே வந்து விழுந்தது. அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே போல்ட்ஸ்மன் மாறிலி நான்காம் அடுக்கில், ஒளியின் வேகம் இரண்டாம் அடுக்கில், பிளாங்க் மாறிலி மூன்றாம் அடுக்கில் இருக்கும். முதலாவது வெப்ப இயக்கவியலின் சொத்து, இரண்டாவது மின்காந்தவியலுடையது, மூன்றாவது அன்றுவரை உலகம் அறியாதது.

அப்போதும் தையல் தெரிந்தது. சூத்திரத்தின் ஒரு பாதி பழைய மின்காந்தவியல், மறு பாதி புதிய துணுக்குகள். டாக்கா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த சத்யேந்திரநாத் போஸுக்கு இது ஒப்பவில்லை. 1924-இல், பெட்டிக்குள் இருப்பதை முழுக்க ஒளித்துகள்களின் வாயுவாகவே எண்ணி, மின்காந்தவியலைத் தொடாமல் அதே சூத்திரத்தைப் பெற்று ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைனே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார்.

‘ஆற்றல் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கு’ என்ற அந்த அழுத்தம் நம் அறையில் ஒன்றுமே இல்லை. 300 கெல்வினில் காற்றழுத்தத்தில் பத்தாயிரம் கோடியில் இரண்டு பங்கு. சூரியனின் மையத்தில்கூட மொத்த அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைவுதான். ஆனால் நான்காம் அடுக்கு என்பதால் இன்னும் பெரிய விண்மீன்களில் அது தலைதூக்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் 1930-இல் இயற்பியல் ஆனர்ஸ் முடித்துக் கப்பலேறிய சுப்ரமணியன் சந்திரசேகர், 1932-இல் ஓர் எல்லையைக் காட்டினார்: விண்மீனின் மொத்த அழுத்தத்தில் கதிர்வீச்சின் பங்கு 9.2 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், எவ்வளவு நெருக்கினாலும் உள்ளிருக்கும் பொருள் வெண்குறுமீனைத் தாங்கும் அந்த இறுகிய நிலைக்குப் போகாது. விண்மீன்களின் கட்டமைப்பைப் பற்றி 1939-இல் அவர் எழுதிய நூலின் முதல் அத்தியாயத்தில் விண்மீன்கள் இல்லை. இருப்பது வெப்ப இயக்கவியலின் விதிகள்.

இந்த அத்தியாயத்துக்கு ஒரே ஒரு பயிற்சிக் கணக்கு. பெட்டியின் சுவர்களை உள்ளே கண்ணாடியாக்கி, வெப்பம் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் மெதுவாகப் பெரிதாக்குங்கள். உள்ளிருக்கும் ஆற்றல் குறைவது சுவரைத் தள்ளிய வேலைக்குச் சமம் என்று எழுதி, அழுத்தத்துக்கு மூன்றில் ஒரு பங்கையும், ஆற்றல் அடர்த்திக்கு நான்காம் அடுக்கையும் வையுங்கள். பருமனை வெப்பநிலையின் மூன்றாம் அடுக்கால் பெருக்கினால் மாறாமல் இருக்கும் என்று வரும். பெட்டியின் ஒவ்வொரு பக்கமும் எத்தனை மடங்கு நீள்கிறதோ, வெப்பநிலை அத்தனை மடங்கு குறையும். அண்டத்தில் அணுக்கள் முதன்முதலாக உருவாகி ஒளிக்கு வழிவிட்டபோது வெப்பநிலை ஏறக்குறைய 3,000 கெல்வின். அன்றிலிருந்து அண்டம் 1,100 மடங்கு விரிந்திருக்கிறது. வகுத்தால் 2.7. நியூஜெர்சியில் ஒரு கொம்பு ஆன்டெனாவின் விடாத இரைச்சலாக ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் 1965-இல் அறிவித்தது இந்தக் கதிர்வீச்சைத்தான். கோபி செயற்கைக்கோள் பின்னர் அதன் நிறமாலையை அளந்தபோது பிளாங்கின் கோட்டிலேயே புள்ளிகள் அமர்ந்தன. இன்று அளக்கப்பட்டிருக்கும் வெப்பநிலை 2.725 கெல்வின்.